வால் முளைத்த எழுத்து

கொலை மிரட்டல் வந்தால் மனிதர்கள் கதவைச் சாத்துவார்கள், போலீசுக்குப் போன் போடுவார்கள், இல்லாவிட்டால் பொத்தென்று மயங்கி விழுவார்கள். இந்தக் கடைக்காரர் மட்டும் அதைப் பித்தளை ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, மேலே ஒரு குட்டி விளக்கையும் எரியவிட்டிருந்தார்.

"என்ன சார், மிரட்டலுக்கு ஷோகேஸா?" என்றான் குண்டூசி.

"என்ன தம்பி பண்றது? உயிர் போகப் போகுதுன்னாலும் பார்க்க அழகா இருக்கே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் கடைக்காரர்.

குண்டூசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஒடிசலான நெட்டை உடம்பு, அதன் உச்சியில் அளவுக்கு மீறிய உருண்டைத் தலை. பார்த்தவர்கள் வாயில் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவன் உதவியாளனாக இருப்பது துப்பு மேடத்திடம். மேடம் ஒரு காலத்தில் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். எழுத்தில் பிழை பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், எழுதுகிற ஆட்களிடமே பிழை பிடிக்கலாம் என்று துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார். தெருவே அவரைத் துப்பு மேடம் என்றுதான் சொல்லும். யாராவது நடுவில் ஒரு காற்புள்ளி வைத்து, "துப்பு, மேடம்" என்று சொல்லிவிட்டால் மட்டும் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

இப்போது அவர் கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் வைக்கிற சாமான்கள் மட்டும் விற்கிற கடை அது. திமிங்கிலம் மாதிரி வாயைப் பிளந்த ஸ்டேப்ளர், டேப்பை முதுகில் சுருட்டி வைத்திருக்கும் நத்தை, சலவைக்கல் பேப்பர்வெயிட், தோல் விரிப்பு, கண்ணாடிப் பேனா. எல்லாவற்றுக்கும் மேலே, வயிற்றுக்குள் பேனாக்களைச் சுமந்தபடி முழித்துக்கொண்டிருந்தன பித்தளை ஆந்தைகள். ஒவ்வொன்றும் மூஞ்சி பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்குப் பளபளத்தது.

மேடம் ஸ்டாண்டில் நின்ற மிரட்டல் அட்டையைக் கையில் எடுத்தார். குண்டூசி எட்டிப் பார்த்தான். ஊதா மையில் சுழியும் வளைவுமாக ஒரே ஒரு வரி.

"மேடம், இது எழுத்துதானா? இல்ல, நூல்கண்டைப் பூனைகிட்ட விளையாடக் கொடுத்துட்டாங்களா?"

"நவீன அழகெழுத்துடா. படிக்கிறதுக்கு இல்ல, பாக்கிறதுக்கு." மேடம் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இதைப் படிச்சது யாரு சார்?"

"எனக்கும் முதல்ல புரியலை. எதிர்க்கடைக்காரர்தான் வந்து படிச்சுச் சொன்னார். 'இன்று கொல்லாமல் விடமாட்டேன்!'" கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கீச்சென்று மேலே போய்விட்டது. "நல்ல மனுஷன். 'உயிரை விடக் கடையா பெரிசு? எனக்கே கொடுத்துட்டு ஊரை விட்டுப் போயிடுங்க'ன்னு ஆறுதல் சொன்னார். சாயங்காலம் பத்திரத்தோட வீட்டுக்கு வர்றார். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவேன்."

குண்டூசியும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலையில கடைக்கு யார் யார் வந்தாங்க?"

"யாருமே வரலை மேடம். அவசரத்துல மூக்குக் கண்ணாடியை வீட்லயே மறந்து வந்துட்டேன். கடையைத் திறந்தா ஒரே மங்கல். ஆந்தையைத் துடைக்கிறதா நெனச்சுத் திமிங்கிலத்தைத் துடைச்சிக்கிட்டிருந்தேன்னா பாத்துக்குங்க. அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தா, கல்லா மேசைமேல இது நிக்குது!"

மேடம் அட்டையைப் புரட்டினார். பின்பக்கம் பூராவும் சின்னச் சின்ன டைமண்ட் கட்டங்கள், யாரோ அழுத்தியதுபோல். தடவினால் விரலுக்குத் தெரிந்தது.

"புரிஞ்சிடுச்சு மேடம். கொலைகாரன் சீட்டாட்டக்காரன். டைமண்ட் அவனுக்கு ராசி."

"வாயை மூடு. சார், நீங்க ஊதா மை விக்கிறீங்களா?"

"கறுப்பும் நீலமும்தான். ஊதாவைக் கண்டாலே எனக்கு ஆகாது."

"அப்போ உங்க முதுகுல இருக்கிறது என்ன?"

கடைக்காரர் தன் முதுகைப் பார்க்க முயன்று, நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றினார். வெள்ளைச் சட்டையில், தோள்பட்டைக்குக் கீழே, மங்கலாக ஓர் ஊதாப் பொட்டு.

"ஐயோ! எங்க குத்தணும்னு அடையாளமே வெச்சிட்டுப் போயிட்டானா?"

"பொட்டு நிக்கிற இடம்கூட இதயத்துக்கு நேர்தான் சார். ஆளு நல்லா படிச்சவன்" என்று குண்டூசி சமாதானம் சொன்னான். கடைக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

எதிர்க்கடை பிளாஸ்டிக் கடை. குடம், வாளி, குப்பைக்கூடை என்று அடுக்கியிருந்த கோபுரத்துக்கு நடுவில் உரிமையாளர் சிரித்த முகமாக நின்றார். சந்தேகப்பட்டியலில் முதல் ஆள் இவர்தான் என்று குண்டூசி மனதுக்குள் முத்திரையே குத்திவிட்டான்.

"ஒரு வாளி கொடுங்க, ரசீதோட" என்றார் மேடம்.

அவர் எழுதிக் கொடுத்ததைக் குண்டூசி வாங்கிப் பார்த்தான். மருந்துச் சீட்டு எழுதியே பழகிய டாக்டர்கூட இதைப் பார்த்தால் தன் கையெழுத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பார்.

தெருவுக்கு வந்ததும், "இவரில்லை" என்றார் மேடம்.

"ஏன் மேடம்? வேற யாராவது கையை வாடகைக்கு எடுத்து எழுதியிருக்கலாமே! கடை கைக்கு வருதுல்ல?"

"மிரட்டுறவன் புரியிற மாதிரி எழுதுவான்டா. உயிர்பயம் காட்டணும்னா கொட்டை எழுத்துல எழுதணும். இப்படிப் பூவேலை செஞ்சா, மிரட்டுற ஆளே பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இதை எழுதினவங்களுக்கு மிரட்டணும்கிற எண்ணமே இல்ல. அழகா இருக்கணும்கிற எண்ணம் மட்டும்தான்."

"அப்போ அழகா கொல்லணும்னு நினைக்கிற ஆளு."

மேடம் வாளியை அவன் கையில் கொடுத்துவிட்டு, முக்குத் திருப்பத்தில் மாடிப்படிக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்டினார். அதே சுழி, அதே வளைவு. இந்த வட்டாரத்தில் அழகெழுத்து சொல்லித் தருகிற இடம் அது ஒன்றுதான்.

"கேலிகிராஃபி வகுப்பாம்" என்று கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தான் குண்டூசி. "கேலி பண்றதுக்கெல்லாம் வகுப்பா? நான் ஓசியிலயே பண்ணிக்கிட்டிருக்கேனே, சம்பளம் கூடக் கேக்காம!"

மாடியில் நீளமான அறை. சாய்வான மேசைகளில் பெரியவர்கள் நாலைந்து பேர் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். மூச்சுவிடும் சத்தமும் நிப்பு கீறும் சத்தமும் தவிர வேறு சத்தமில்லை. டீச்சர், விரல்நுனியெல்லாம் மை படிந்த பெண்மணி, அட்டையை வாங்கியதுமே முகம் மலர்ந்தார்.

"என் வகுப்பு எழுத்துதான்! எப்படி அழுத்தி இறங்கியிருக்கு பாருங்க, எப்படி மெலிஞ்சு ஏறியிருக்கு பாருங்க!"

"என்ன எழுதியிருக்குன்னு படிங்களேன்."

டீச்சர் அட்டையைத் தூரமாகப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார். "இன்று... ஏதோ 'ல்லாமல்'... விடமாட்டேன். நடுவுல... வேணாம்ங்க. நான் எழுதினதையே மறுநாள் என்னால படிக்க முடியாது."

அந்த நேரத்தில் மூலையிலிருந்து ஒரு கனத்த குரல் எழுந்தது. "டீச்சர், இன்னிக்காவது 'க' சொல்லித் தருவீங்களா, மாட்டீங்களா?"

தடித்த மீசை, அதைவிடத் தடித்த கை. கறிக்கடைக்காரர். குண்டூசி சட்டென்று மேடத்தின் பின்னால் போய் நின்றுகொண்டான். வாளியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பொறுமையா இருங்க. இந்த வகுப்புல நான் வடிவம் பார்த்துத்தான் சொல்லித் தர்றேன். 'க' ரொம்பக் கஷ்டம். அது கடைசியிலதான்."

"கடைக்குப் பலகை எழுதலாம்னுதான் சேர்ந்தேன். 'ஆடு' எழுதிட்டேன். 'கோழி'க்கு 'க' இல்லாம எங்க போறது? பலகையில ஆடு மட்டும்தான் தொங்குது. கோழி அப்படியே நிக்குது! வர்றவங்கல்லாம் 'கோழி இல்லையா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போறாங்க!"

"பழைய மாதிரி சாதாரணமா எழுதிடுங்களேன்" என்றான் குண்டூசி வாளிக்குப் பின்னாலிருந்து.

"அழகா ஒரு ஆடு எழுதிட்டு, பக்கத்துல அசிங்கமா கோழி எழுதச் சொல்றீங்களா? நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?" கறிக்கடைக்காரருக்கு நிஜமாகவே மனசு நொந்துவிட்டது.

மேடத்தின் புருவம் மட்டும் மேலே ஏறியது. "டீச்சர், இந்த வகுப்புல இருக்கிற யாருக்கும் இன்னும் 'க' வராதா?"

"யாருக்கும் சொல்லித் தரலையே. போன வாரம் 'ச' எடுத்தேன். 'ச'வுக்கு வலது பக்கம் வாலை நீட்டிச் சுழிக்கலாம்னு சொன்னதுதான் தாமதம், எல்லாரும் ஆளுக்கொரு வால் போட்டு விளையாடறாங்க."

மேடம் அட்டையை மறுபடி பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். "இந்த டைமண்ட் கட்டம்?"

"நல்ல மேசையில வெச்சு எழுதினா இப்படி விழாது." டீச்சர் தடவிப் பார்த்துவிட்டு, "ஓ, 'ழ' அம்மா!" என்றார். "இங்க நான் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. எது நல்லா வருதோ அந்த எழுத்துதான் பேரு. அவங்களுக்கு 'ழ' அப்படி வரும். பாவம், வீட்ல மேசையே இல்லையாம். எதுமேலயோ வெச்சு எழுதிட்டு வருவாங்க, பின்னாடி இப்படித்தான் கட்டம் கட்டமா இருக்கும். நல்ல கை. ஒரு பெரிய வேலைகூட அவங்களுக்கு வந்திருக்கு. மேசை இல்லாம எப்படிச் செய்வாங்களோ!"

"வீடு எங்கன்னு தெரியுமா?"

"தெரியாதே. வருவாங்க, எழுதுவாங்க, கையைக் கழுவிட்டு ஓடிடுவாங்க. வீட்ல தெரியாதாம்."

படி இறங்கும்போது குண்டூசிக்கு எல்லாமே வெட்டவெளிச்சமாகிவிட்டது. "மேடம், கேஸ் முடிஞ்சது. ஒரு ஏழை அம்மா. வீட்ல மேசை இல்ல. தினமும் இந்தக் கடை வழியா நடந்து போறாங்க. மேசையே இல்லாத தன்னைப் பார்த்து ஆந்தைங்க முழிக்கிற மாதிரி இருக்கு. வயிறு எரியுது. கொலை!"

"இந்த மூளையை வெச்சுக்கிட்டு நீ என்கிட்ட வேலை பாக்கிறது எனக்குத்தான் பெருமை" என்றார் மேடம். "சார் வீட்டுக்கு விடு வண்டியை. கையெழுத்து விழறதுக்குள்ள போயாகணும்."

கடைக்காரர் வீட்டு வாசலிலேயே ஒரு மேசை நின்றது. அதன்மேல் ஆந்தைகள். கூடத்தில் இரண்டு மேசை, ஜன்னலோரம் ஒன்று, படுக்கையறைக் கதவை முழுதாகத் திறக்கவிடாமல் இன்னொன்று. எல்லாவற்றின்மீதும் கடையில் இடமில்லாத சரக்கு வரிசைகட்டி நின்றது. வீடு மாதிரியே இல்லை. பித்தளைப் பறவைகளின் சரணாலயம் மாதிரி இருந்தது.

எதிர்க்கடைக்காரர் பத்திரமும் கையுமாக வந்து உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். கூடத்து மூலையில் அவர் மனைவி, காலை விரித்து நின்ற இஸ்திரிப் பலகையில் ஒவ்வொரு சட்டையாகத் தேய்த்து மடித்துக்கொண்டிருந்தாள். 'வெளியூர் போறோம், துணியைத் தேய்' என்று மட்டும்தான் அவளிடம் சொல்லப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை என்பது அவள் தேய்க்கிற வேகத்திலேயே தெரிந்தது.

"சார், கையெழுத்துக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி" என்றார் மேடம். "மூக்குக் கண்ணாடியை வீட்ல மறந்துட்டீங்க. அப்புறம் கடையில எடுத்து மாட்டிக்கிட்டீங்க. நடுவுல அது எப்படி வந்துச்சு? பஸ் பிடிச்சா?"

கடைக்காரர் யோசித்தார். "இவதான் கொண்டுவந்து வெச்சிட்டுப் போனா."

"யாருமே வரலைன்னு சொன்னீங்களே!"

"ஆமா, யாருமே வரலை. இவதானே வந்தா!"

இஸ்திரிப் பெட்டி நின்றது. குண்டூசியின் கண் மெல்லப் பலகையின்மேல் போனது. மேலே விரித்திருந்த துணியில் அங்கங்கே ஊதாப் பொட்டுகள். துணி விலகிய ஓரத்தில், அடியில் இருந்த கம்பி வலை தெரிந்தது. டைமண்ட் டைமண்டாக.

அவன் பெரிய தலைக்குள் மணி அடித்தது. "சார், ஓடுங்க! அவங்க கையில சூடான ஆயுதம் இருக்கு!" என்று அலறி, பக்கத்து மேசையிலிருந்த ஆந்தையைப் பிடுங்கிக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கடைக்காரருக்கு முன்னால் பாய்ந்தான். ஆந்தை வயிற்றிலிருந்த பேனாக்களெல்லாம் அவன் காலில் கொட்டின.

"அதைக் கீழ வை" என்றார் மேடம். "'க' வராதவங்க யாரையும் கொல்ல முடியாது."

"கொல்றதா?" என்றாள் மனைவி. "யார் யாரைக் கொல்றது?"

மேடம் அட்டையை நீட்டினார். "இதை நீங்களே படிங்கம்மா."

அவள் வாங்கிப் பார்த்தாள். காது நுனி சிவந்தது. "இன்று சொல்லாமல் விடமாட்டேன்" என்று படித்தாள். "'சொ' தானே? 'ச'வுக்கு வால் கொஞ்சம் பெரிசாப் போச்சு. அழகா இருக்கட்டும்னு சுழிச்சேன்."

கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், எதிர்க்கடைக்காரரைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் கூரையில் பல்லி ஏதாவது இருக்கிறதா என்று கவனமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"சட்டையில ஊதாப் பொட்டும் இதனாலதான் சார்" என்றார் மேடம். "எழுதின பலகையிலேயே உங்க சட்டையையும் தேய்க்கிறாங்க. உங்களைக் குறி வெச்சவன் எவனுமில்ல. மைதான் ஒட்டிக்கிச்சு."

"நீயா? எழுத்தா? எப்போ கத்துக்கிட்டே?" கடைக்காரருக்கு வார்த்தை ஒழுங்காகக் கோத்து வரவில்லை. "என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொல்லவா?" அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எத்தனை தடவை சொல்ல வந்திருப்பேன்! 'இரும்மா, இந்த ஆந்தையைத் துடைச்சிட்டு வந்துடறேன்'பீங்க. ஆந்தை முடிஞ்சா நத்தை. நத்தை முடிஞ்சா திமிங்கிலம். அதுக்குள்ள எனக்குச் சொல்ல வந்ததே மறந்துடும். சரி, இவர் கண்ணுக்கு மேசைமேல இருக்கிறதுதானே தெரியுது, நாமளும் மேசைமேலயே போய் நிப்போம்னுதான் எழுதி வெச்சேன். சாயங்காலம் வந்து என்னன்னு கேப்பீங்கன்னு பார்த்தா, ஊரை விட்டே ஓடப் பாக்கறீங்க!"

"அப்படி என்னம்மா சொல்லணும்?" அவர் கொலைக்குப் பயந்ததைவிட இப்போது அதிகமாகப் பயந்தவர்போல் இருந்தார்.

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு வேலை வந்திருக்கு. ஒரு கம்பெனி விழாவுக்கு வர்ற விருந்தாளிங்க பேரெல்லாம் அழகா எழுதிக் கொடுக்கணும். எல்லாரையும் விட்டுட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க டீச்சர். 'க'வையும் தனியாச் சொல்லித் தர்றேன்னாங்க. நாளைக்கு நான் சரின்னு சொல்லணும். அந்தப் பலகை ஆடுது, நின்னு எழுதினா இடுப்பு விட்டுப் போகுது. எனக்கு ஒரு மேசை வேணும்ங்க. இந்த வீட்ல மேசைக்கா பஞ்சம்? எல்லாத்துமேலயும் ஏதாவது ஒண்ணு உட்கார்ந்திருக்கு. உட்கார இடமில்லாம நிக்கிறது நான் மட்டும்தான்."

குண்டூசி காலடியில் சிதறிய பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆந்தை வயிற்றில் செருகினான்.

கடைக்காரர் பேனாவை மூடினார். "பத்திரத்தை மடிச்சு வெச்சுக்குங்க" என்றார் எதிர்க்கடைக்காரரிடம்.

"நான் படிச்சப்ப 'கொ' மாதிரிதான் தெரிஞ்சுது..." எதிர்க்கடைக்காரர் எழுந்துகொண்டே இழுத்தார். வாசலருகே போய்த் திரும்பிப் பார்த்தார். "சரி, அந்த நத்தையையாவது கொடுக்கிறீங்களா? நல்லாயிருக்கு."

"விலை போட்டிருக்கு. நாளைக்குக் கடைக்கு வாங்க."

அவர் போனதும் கடைக்காரர் ஜன்னலோர மேசைக்குப் போனார். வெளிச்சம் நன்றாக விழுகிற மேசை அதுதான். ஒவ்வோர் ஆந்தையாக எடுத்தார். வைக்க இடமில்லாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே போனார். தோல் விரிப்பை மட்டும் விட்டுவைக்கலாமா என்று மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். குண்டூசி ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். மேடம் ஜன்னல் திரையை விலக்கினார்.

அவள் உட்கார்ந்தாள். மேசையின் இரண்டு ஓரத்தையும் கையால் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. பேனாவை மையில் தொட்டு, புது அட்டையில் ஒரு வளைவை இழுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறக்கி, மெல்ல மேலே ஏற்றினாள். மூன்று பேர் நிற்கிற கூடத்தில் நிப்பு நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தாடை வரைக்கும் பித்தளை ஆந்தைகளைச் சுமந்தபடி கடைக்காரர் நடுக்கூடத்தில் நின்றார்.

"ஏம்மா... இதையெல்லாம் நான் இனிமே எங்க வெச்சுத் துடைக்கிறது?"

அவள் தலை நிமிரவில்லை. பேனாவின் பின்முனையால் கூடத்து மூலையைக் காட்டினாள்.

"இஸ்திரிப் பலகை இப்போ காலியாத்தான் இருக்கு."